கைமாறும் கணினி விளையாட்டுகள்



பெற்றோர் சந்திப்பு நாள்களில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. "பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாடலாம்?" என்பது ஒன்று. "எந்த விளையாட்டு நல்லது?" என்பது மற்றொன்று. இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதனை இதுவரை எவரும் கேட்டதில்லை. "இந்த விளையாட்டு இப்போது யாருடைய கையில் இருக்கிறது?" என்பதே அது.

பிள்ளைக்குப் பயிற்சி நூல் வாங்கும்போது நாம் நூலாசிரியர் பெயரைப் பார்க்கிறோம், பதிப்பகத்தைப் பார்க்கிறோம், நான்கு பக்கங்களைப் புரட்டிய பிறகே பணத்தை நீட்டுகிறோம். கைப்பேசி விளையாட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை எதுவும் இல்லை. இலவசம் என்று எழுதியிருந்தால் போதும், உடனே பதிவிறக்கம் ஆகிவிடுகிறது.

ஒரு விளையாட்டை உருவாக்கிய சிறு நிறுவனத்தை ஒரு பெருநிறுவனம் விலைக்கு வாங்கும்போது, திரையில் தெரியும் படமும் வண்ணமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனை வடிவமைப்பவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் மாறுகிறது. அந்த மாற்றம் நம் பிள்ளையின் நேரத்தையும் நம் பணப்பையையும் வந்து தொடுகிறது. இக்கட்டுரையின் பேசுபொருள் இதுவே.

பெயர்கள் மாறும் வேகம்

நம் வீட்டுக் கைப்பேசிகளில் இருப்பவற்றையே எடுத்துக்கொள்வோம். அம்மாக்கள் மருத்துவமனை வரிசையில் காத்திருக்கும்போது ஆடும் 'கேண்டி கிரஷ் சாகா' 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை உருவாக்கிய கிங் நிறுவனத்தை 2016இல் ஆக்டிவிஷன் பிலிசார்ட் நிறுவனம் 5.9 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்த ஆக்டிவிஷன் பிலிசார்டையே 2023 அக்டோபரில் மைக்ரோசாப்ட் 68.7 பில்லியன் டாலருக்கு வாங்கியது. நம் மாணவர்கள் ஓய்வு வேளையில் ஓயாமல் பேசும் 'மொபைல் லெஜண்ட்ஸ்' ஷாங்காய் நகரின் மூன்டன் நிறுவனத்தின் படைப்பு. 2021இல் அதனை வாங்கிய பைட்டான்ஸ், டிக்டாக் செயலியை உருவாக்கிய நிறுவனம்.

2025 செப்டம்பர் 29ஆம் நாள் மேலும் ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் அமெரிக்க விளையாட்டு நிறுவனத்தை 55 பில்லியன் டாலருக்கு வாங்க மூன்று முதலீட்டு அமைப்புகள் உடன்பாடு செய்துகொண்டன. சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம், சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் ஆகியவையே அம்மூன்று. அத்தொகையில் 20 பில்லியன் டாலர் கடனாகத் திரட்டப்படுவது என்பது ஏற்பாடு. கடனுக்கு வட்டி உண்டு. அந்த வட்டி எங்கிருந்து வரும் என்று எண்ணிப் பாருங்கள். விளையாடுபவர் தரும் பணத்திலிருந்துதான் வரவேண்டும்.

பினாங்கு அறிந்த கதை

சில்வர் லேக் என்னும் பெயர் பினாங்கு மாநிலத்திற்குப் புதிதன்று. ஹியூலட் பேக்கர்ட் நிறுவனம் 1972இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. 1999இல் அதன் ஒரு பகுதி அஜிலண்ட் என்று பிரிந்தது. அஜிலண்டின் குறைக்கடத்திப் பிரிவை 2005இல் கேகேஆர், சில்வர் லேக் ஆகிய இரு முதலீட்டு நிறுவனங்கள் வாங்கின. அப்பிரிவு அவாகோ ஆயிற்று. 2016இல் அவாகோ, பிராட்காம் நிறுவனத்தை வாங்கி அதன் பெயரையே தானும் சூட்டிக்கொண்டது. பாயான் லெப்பாஸில் ஒரே பிரிவில் தொடர்ந்து பணியாற்றிய ஒருவர் இருபது ஆண்டுக்குள் நான்கு நிறுவனப் பெயர்களைத் தம் அடையாள அட்டையில் கண்டிருக்கலாம்.

நான் வாழும் புக்கிட் தெங்காவும் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர்தான். பொழுது விடியுமுன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடும். என் மாணவர்களின் பெற்றோரில் பலர் இங்கும் பிறையிலும் வேலை செய்பவர்கள். சிலர் பாலம் கடந்து தீவுக்குச் செல்பவர்கள். நிறுவனம் கைமாறினால் என்ன நிகழும் என்று அவர்களுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

இவ்வூரில் ஒரு சிறு தொழிற்சாலையில் பணிபுரியும் தந்தை ஒருவர் என்னிடம் சொன்னார்: "போர்டு மாறுன அன்னிக்கு ஒன்னும் தெரியாது டீச்சர். ஆறு மாசம் கழிச்சு டார்கெட் மாறும். அப்பதான் தெரியும்."

எந்தத் தொழிற்சாலை என்பது இங்குத் தேவையற்றது. அவர் சொன்ன இலக்கு என்னும் சொல்லை மட்டும் நினைவில் கொள்வோம். விளையாட்டு நிறுவனங்களிலும் அதுவே நிகழ்கிறது. பெயர்ப்பலகை முதலில் மாறும். இலக்கு பின்னர் மாறும். இலக்கு மாறிய பின் வடிவமைப்பு மாறாமல் இருப்பது அரிது.

செடிகள் விலைப்பொருளான கதை

2009இல் பாப்கேப் நிறுவனம் 'பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. வீட்டை நோக்கி வரும் பிணங்களைத் தோட்டத்துச் செடிகள் தடுத்து நிறுத்தும். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. சிரிக்க வைக்கும் விளையாட்டு அது. அதன் வடிவமைப்பாளர் ஜார்ஜ் ஃபேன்.

ஆசிரியர்கள் இவ்விளையாட்டின் முதல் சில கட்டங்களை ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும் என்பேன். முதல் கட்டத்தில் ஒரே ஒரு வரிசை நிலம். பட்டாணி எறியும் ஒரே ஒரு செடி. அடுத்த கட்டத்தில் மூன்று வரிசை; சூரியகாந்தி அறிமுகம். பின்னர் ஐந்து வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் புதியது ஒன்றே ஒன்று வரும். பழையது பழகிய பிறகே வரும். எளிமையிலிருந்து கடினத்திற்கு, அறிந்ததிலிருந்து அறியாததற்கு என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாம் படித்தோமே, அந்த நெறி இங்குச் செயல்வடிவில் இருக்கிறது. 2012இல் விளையாட்டு வடிவமைப்பாளர் மாநாட்டில் ஃபேன் ஆற்றிய உரை, தம் தாயாரை இவ்விளையாட்டை முழுமையாக ஆட வைத்தது எப்படி என்பதைப் பற்றியது. திரையில் ஒரு நேரத்தில் எட்டுச் சொற்களுக்கு மேல் இருக்கலாகாது என்பது அதில் அவர் சொன்ன விதிகளுள் ஒன்று. கரும்பலகை நிறைய எழுதிப் பழகிய நமக்கும் அது நல்ல அறிவுரைதான்.

2011 சூலையில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் பாப்கேப்பை வாங்கியது. 650 மில்லியன் டாலர் ரொக்கம், 100 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகள். இவற்றோடு மற்றோர் ஒப்பந்தமும் இருந்தது. 2013ஆம் ஆண்டு முடியும் வரையில் ஈட்டும் இலாபத்தைப் பொறுத்து மேலும் 550 மில்லியன் டாலர் வரை வழங்கப்படும் என்பதே அது. இதனைக் கூர்ந்து கவனியுங்கள். நல்ல விளையாட்டைச் செய்தால் பரிசு என்று அங்கு எழுதப்படவில்லை. குறித்த காலத்திற்குள் குறித்த இலாபம் என்று எழுதப்பட்டிருந்தது.

2012இல் பாப்கேப்பில் ஆட்குறைப்பு நடந்தது. வேலை இழந்தோரில் ஜார்ஜ் ஃபேனும் ஒருவர். 2013இல் இரண்டாம் பாகம் அவர் இல்லாமலே வெளிவந்தது. முதல் பாகத்தை ஒருமுறை விலைகொடுத்து வாங்கினால் போதும். இரண்டாம் பாகமோ இலவசம். ஆனால் முதல் பாகத்தில் ஆடி வென்று பெற்ற பனிப்பட்டாணி, பூசணி, தீக்கட்டை, மிளகாய் ஆகிய செடிகள் இரண்டாம் பாகம் வெளிவந்தபோது உண்மைப் பணத்திற்கு விற்கப்பட்டன. முன்பு ஒரு கட்டத்தை வென்ற குழந்தைக்குப் பரிசாகக் கிடைத்த செடி, இப்போது தந்தையின் கடன் அட்டைக்குக் கிடைக்கும் பொருளாயிற்று.

நடுநிலையோடு ஒன்றையும் சொல்லவேண்டும். அக்காலத்தில் கைப்பேசி விளையாட்டுச் சந்தை முழுவதுமே இலவசப் பதிவிறக்கம், உள்ளே விற்பனை என்னும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பாப்கேப் தனியாகவே இருந்திருந்தாலும் அவ்வழியில் சென்றிருக்கக்கூடும். பணம் செலவழிக்காமலும் இரண்டாம் பாகத்தை ஆட முடியும். எனினும் வடிவமைப்பாளரின் கேள்வி மாறியதை நாம் மறுக்க முடியாது. "இந்தச் செடியை எந்தக் கட்டத்தில் அறிமுகம் செய்தால் ஆடுபவருக்கு எளிதில் விளங்கும்?" என்பது முதல் கேள்வி. "எந்தச் செடிக்குப் பணம் கொடுக்க ஆடுபவர் முன்வருவார்?" என்பது இரண்டாம் கேள்வி.

ஆசிரியர்கள் இழந்த விளையாட்டுகள்

நம் துறைக்கு இன்னும் நெருக்கமான ஒரு வரலாறு உண்டு. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, மடிக்கணினியும் ஒளியுருக் காட்டியும் குறுவட்டுகளும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அக்காலத்தில் உலகச் சந்தையில் பெயர்பெற்றிருந்த கல்விசார் விளையாட்டுகள் ஏற்கனவே கைமாறிக் கைமாறிக் களைத்துப் போயிருந்தன.

1971இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று மாணவர்கள் வரலாற்றுப் பாடத்திற்காக ஒரு கணினி விளையாட்டை எழுதினார்கள். டான் ராவிட்ச், பில் ஹைன்மன், பால் டிலன்பெர்கர் என்பது அவர்கள் பெயர். 'ஆரிகன் டிரெயில்' என்பது அவ்விளையாட்டு. நம்மைப் போலவே பயிற்றுப்பணிக்குச் சென்ற இளைஞர்கள், தங்கள் வகுப்புப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு செய்தது அது. பின்னர் 1973இல் அம்மாநிலம் தொடங்கிய எம்.இ.சி.சி. என்னும் கல்விக் கணினி அமைப்பு அதனைப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது.

1990களில் கைமாற்றம் தொடங்கியது. சாப்ட்கீ என்னும் நிறுவனம் 1995இல் 'ரீடர் ராபிட்' விளையாட்டைச் செய்த லேர்னிங் கம்பெனியை வாங்கி அதன் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. 1996இல் எம்.இ.சி.சி.யை வாங்கியது. 1998இல் 'கார்மன் சாண்டியாகோ' புகழ் புரோடர்பண்ட் நிறுவனத்தை வாங்கியது. 1999இல் பொம்மை நிறுவனமான மேட்டல் இவை அனைத்தையும் சுமார் 3.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் மினசோட்டாவில் எம்.இ.சி.சி. அலுவலகம் மூடப்பட்டது. மேட்டலுக்குப் பெரும் இழப்பு ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டில் ரொக்கம் ஏதும் பெறாமலே அப்பிரிவை வேறொரு நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. ஐந்தே ஆண்டில் ஐந்து பெருங்கைமாற்றங்கள்!

இதனால் வடிவமைப்புக்கு என்ன நேர்ந்தது? பேரங்காடி அடுக்கில் மலிவு விலையில் குவிக்கப்படும் பொருளாகக் குறுவட்டு மாறியது. புதிய எண்ணம் கொண்ட விளையாட்டைச் செய்வதைவிட, பெயர்பெற்ற முயலுக்கு முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று சட்டை மாற்றி விற்பது எளிதாயிற்று.

ஒரு நல்ல விதிவிலக்கும் உண்டு. 1996இல் புரோடர்பண்ட் வெளியிட்ட 'சூம்பினிஸ்' என்னும் விளையாட்டில் ஒவ்வோர் உருவத்திற்கும் முடி, கண், மூக்கு, கால் என நான்கு கூறுகள். ஒவ்வொரு கூறுக்கும் ஐந்து வகை. ஆக 625 வேறு வேறு உருவங்கள். எந்த உருவம் பாலத்தைக் கடக்கும், எது கடக்காது என்று குழந்தை தானே கண்டுபிடிக்க வேண்டும். வகைப்படுத்தலையும் ஏரணச் சிந்தனையையும் இதனைவிட இனிமையாகக் கற்பிக்க இயலாது. அதனை வடிவமைத்த ஸ்காட் ஆஸ்டர்வைல், கிறிஸ் ஹான்காக் இருவரும் டெர்க் என்னும் கல்வி ஆய்வு அமைப்பைச் சேர்ந்தவர்கள். வெளியீட்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கி மறைந்த பிறகு, 2015இல் அதே டெர்க் அமைப்பு அவ்விளையாட்டைப் பலகைக் கணினிகளுக்காக மீண்டும் வெளியிட்டது. படைத்தவர்கள் கைவிடாததால் அது பிழைத்தது.

வகுப்பில் ஒரு பயிற்சி

இதனை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விளக்க ஒரு பயிற்சி செய்தேன். விருப்பமுள்ள ஆசிரியர்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதல் வாரம் இரண்டு குழுவினர் தாளில் ஆளுக்கொரு பகடை விளையாட்டைச் செய்தார்கள். ஒரு குழுவின் விளையாட்டு பாலத்தைக் கடப்பது பற்றியது. முப்பது கட்டங்கள், அவற்றில் இரண்டு குழிகள். குழியில் விழுந்தவர் தொடக்கத்திற்குச் சென்று மீண்டும் ஆடலாம். எல்லாரும் மகிழ்ச்சியோடு ஆடினார்கள்.

இரண்டாம் வாரம், மூன்றாம் குழுவிடம் நாற்பது புளியங்கொட்டைகளைக் கொடுத்தேன். இரு விளையாட்டுகளையும் இருபது இருபது கொட்டைக்கு விலைக்கு வாங்கச் சொன்னேன். மற்ற மாணவர் ஒவ்வொருவருக்கும் ஐந்து கொட்டை கொடுத்தேன். வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு விதி: பாடவேளை முடிவதற்குள் கொடுத்த நாற்பதையும் மீட்டு, மேலும் பத்துச் சேர்க்க வேண்டும். வேறொன்றும் நான் சொல்லவில்லை.

முதலில் அவர்கள் மீண்டும் தொடங்க ஒரு கொட்டை என்று விதித்தார்கள். போதிய கொட்டை சேரவில்லை. அடுத்து, இரண்டு குழிகளை ஏழு குழிகள் ஆக்கினார்கள்! பின்னர், குழியைத் தாண்டிச் செல்ல இரண்டு கொட்டை என்று குறுக்குவழி ஒன்றையும் விற்றார்கள். இவற்றுள் எதையும் நான் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் கெட்ட பிள்ளைகளும் அல்லர். வகுப்பிலேயே உதவும் மனம் கொண்டவர்கள் அவர்கள்தாம். இலக்கு ஒன்றைக் கொடுத்தேன்; குழிகள் தாமே பெருகின.

பாலத்து விளையாட்டை முதலில் உருவாக்கிய மாணவி, அதிகம் பேசாதவள், சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் வச்ச குழி சிரிக்கிறதுக்கு டீச்சர். இது காசு எடுக்கிறதுக்கு."

அதற்குமேல் நான் விளக்கம் கூறத் தேவைப்படவில்லை. அன்றைய கலந்துரையாடலில் மாணவர்கள் தங்கள் கைப்பேசி விளையாட்டுகளில் உள்ள குழிகளைத் தாங்களே பட்டியலிடத் தொடங்கினார்கள். ஒருவன் சொன்ன பட்டியலில் பதினொன்று இருந்தன.

எல்லா இணைப்பும் கேடன்று

பெருநிறுவனம் வாங்கினாலே விளையாட்டு கெட்டுவிடும் என்று சொல்வது நேர்மையாகாது. சுவீடன் நாட்டின் மொஜாங் நிறுவனத்தை 2014இல் மைக்ரோசாப்ட் 2.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 'மைன்கிராப்ட்' அழிந்துவிடும் என்று பலர் அஞ்சினர். அழியவில்லை. பின்லாந்தின் டீச்சர்கேமிங் நிறுவனம் பள்ளிகளுக்கென நடத்திவந்த 'மைன்கிராப்ட் எடு'வை 2016 தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கல்விப் பதிப்பை வெளியிட்டது. பல நாடுகளின் வகுப்பறைகளுக்கு அது சென்று சேர்ந்ததற்குப் பெருநிறுவனத்தின் வலிமையும் ஒரு காரணம்.

அதே மைக்ரோசாப்ட் 2024 மே மாதத்தில் ஜப்பானின் டாங்கோ கேம்வொர்க்ஸ் கூடத்தை மூடப்போவதாக அறிவித்தது. அக்கூடம் 2023இல் வெளியிட்ட 'ஹை-ஃபை ரஷ்' பெரிதும் பாராட்டப்பட்ட விளையாட்டு. பின்னர் தென்கொரியாவின் கிராப்டன் நிறுவனம் அக்குழுவை ஏற்றுக்கொண்டதால் அது மறுவாழ்வு பெற்றது. உரிமையாளர் ஒருவரே, விளைவுகள் இரண்டு. ஆகவே வாங்கியவரின் பெயரைவிட, படைத்தவரிடம் முடிவெடுக்கும் உரிமை எஞ்சியிருக்கிறதா என்பதே முதன்மையானது.

பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனத்திற்குக் கோலாலம்பூரிலும் கிளை உண்டு. அது 2023இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' உலகப் புகழ் பெற்றது. பெரும்பங்கு அதன் நிறுவனர் சுவென் விங்கேயின் கையில்தான் இருக்கிறது. விளையாட்டு பெருவெற்றி பெற்ற பிறகும், அடுத்த பாகத்தைத் தாங்கள் செய்யப்போவதில்லை என்று 2024இல் அவர் அறிவித்தார். காலாண்டு இலாபத்திற்கு விடைசொல்ல வேண்டிய ஒருவர் அப்படி அறிவிப்பது எளிதன்று.

சிறிய தமிழ்ப்பள்ளிகளை ஒன்றோடொன்று இணைக்கலாமே என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் மனம் ஏன் பதைக்கிறது? கட்டடத்திற்காகவா? இல்லை. நம் பிள்ளைகளைப் பற்றிய முடிவை, அவர்கள் முகம் அறியாதவர் எடுக்க நேருமே என்பதற்காகத்தான். விளையாட்டுக் கூடங்களிலும் அதே பதைப்பு இருக்கிறது.

இட்லித் தட்டும் ஒரு தமிழ் விளையாட்டும்

நம் மாணவர்களில் சிலர் "நான் பெரியவனானதும் கேம் செய்வேன்" என்கிறார்கள். அதனை விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டா. நம் நாட்டில் அத்தொழில் இருக்கிறது. 'ஸ்டார்கிராப்ட்' விளையாட்டின் மறுபதிப்புக்கு ஓவியப் பணி செய்த லெமன் ஸ்கை, மலேசிய நிறுவனமே. ஆனால் வெளிநாட்டு விளையாட்டுக்கு நாம் ஓவியம் தீட்டும்போது, என்ன விளையாட்டு என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். பினாங்குத் தொழிற்சாலைகளில் பிறர் வடிவமைத்த சில்லுகளைப் பொருத்திய தலைமுறைக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். லெமன் ஸ்கையும் பின்னர் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஐகேண்டி நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

மறுபக்கம் 'வெண்பா' இருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு கூடம் 2023 சூலை 31ஆம் நாள் வெளியிட்ட விளையாட்டு அது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தாய்வீட்டுச் சமையல் குறிப்பேடு சிதைந்து போயிருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து ஆடுபவர் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டிலும் பரவும் என்பது அதில் ஒரு புதிர். தவறினால் மீண்டும் முயலலாம். அதற்குக் காசு கேட்பதில்லை. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்னும் விருதையும், தற்சார்பு விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும் அது வென்றது.

ஒரு பெருநிறுவனத்தின் கூட்டத்தில் "இட்லி பற்றிய விளையாட்டு, ஓரிரு மணி நேரம்தான் ஓடும், உள்ளே விற்பனை ஏதும் இல்லை" என்று ஒருவர் எழுந்து சொன்னால் அவருக்கு என்ன விடை கிடைத்திருக்கும்? நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் 'வெண்பா' வெளியான நாளிலேயே மைக்ரோசாப்டின் கேம் பாஸ் சந்தா வழியாகவும் பலரைச் சென்றடைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய வணிகத்தோடு சேரவே கூடாது என்பது என் கருத்தன்று. கதையை முடிவு செய்யும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு சேர்ந்தால் நன்மை விளையும்.

பெற்றோர் செய்யத் தக்கவை

1. பதிவிறக்குமுன் உருவாக்கியவர் பெயரையும் வெளியிடுபவர் பெயரையும் பாருங்கள். இரண்டும் வெவ்வேறாக இருந்தால் இணையத்தில் ஐந்து நிமிடம் தேடுங்கள். அண்மையில் கைமாறிய விளையாட்டு என்றால் கூடுதல் கவனம் தேவை.

2. பணம் எவ்வழியில் வருகிறது என்று கண்டறியுங்கள். ஒரு முறை விலையா, மாதச் சந்தாவா, விளம்பரமா, உள்ளே விற்பனையா? இலவசம் என்பது விடையாகாது.

3. முதல் இருபது நிமிடம் பிள்ளையோடு அமர்ந்து ஆடுங்கள். தோற்றவுடன் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். "மீண்டும் முயல்க" என்று வருகிறதா, விலைப்பட்டியல் வருகிறதா?

4. பல ஆண்டுகளாக ஆடிவரும் விளையாட்டிலும் திடீரென்று புதிய நாணயமோ புதிய பெட்டியோ முளைத்தால், அது ஏன் முளைத்தது என்று பிள்ளையிடமே கேளுங்கள். அவர்கள் நம்மைவிடக் கூர்மையாகக் கவனித்திருப்பார்கள்.

5. "நான் கேம் செய்வேன்" என்னும் பிள்ளைக்குத் தாளும் பகடையும் கொடுங்கள். நிரலாக்கம் பின்னால் வரட்டும். விதி அமைப்பது, விதியால் யார் மகிழ்கிறார் யார் வாடுகிறார் என்று பார்ப்பது, பிறகு விதியைத் திருத்துவது, இவையே வடிவமைப்பின் அரிச்சுவடி.

தடை போடுவது எளிது. சில வீடுகளில் அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால் தடை போட்ட பிள்ளை பதினாறு வயதில் தனிக் கைப்பேசி வாங்கும்போது மீண்டும் அதே குழியின் முன் தனியாக நிற்பான். குழியைப் பார்த்தவுடன் "இது சிரிப்பதற்கா, காசு எடுப்பதற்கா?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளையைப் பற்றி நமக்கு அவ்வளவு கவலை வேண்டியதில்லை. வரும் பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள் என்று பெற்றோர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.